ஒரு காலைக்குப் புருஷன்

அந்த ஏரிக்கரை ஆஸ்பத்திரியில் புருஷனோடு வரும் கர்ப்பிணிக்குத்தான் முதல் வரிசை. தனியாக வருகிறவள், புருஷன் ஏன் வரவில்லை என்று ஊர்த்தலைவரிடம் கடிதம் வாங்கி வர வேண்டும். எச்.ஐ.வி. சோதனையைத் தம்பதியாகச் செய்தால் நல்லது என்று வெளிநாட்டு உதவிக்காரர்கள் சொன்னார்கள்; இங்கே அதையே சட்டமாக்கிவிட்டார்கள். உதவி வரும் தேசத்தில் புருஷன்மார் எல்லாரும் வீட்டோடு கிடக்கிறார்கள் போலிருக்கிறது.

ஃபைனஸின் புருஷன் ஜோகன்னஸ்பர்க் போய் ஆறு மாதமாகிறது. நாலு மாதமாகப் போன்கூட இல்லை. கடிதம் கேட்டால், அவன் கைவிட்ட கதை ஊரெல்லாம் நாறிவிடும். சோதிக்காமல் விட்டால், நோய் இருந்து பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? எட்டாம் மாதம் வேறு. அதனால் ஒரு கட்டுக் கருவாடு கொடுத்து, சைக்கிள் டாக்சி ஓட்டும் லாஸ்டனைப் புருஷனாக அழைத்து வந்தாள்.

சிஸ்டர் கலுவா அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலு விரலில் ஊசி குத்திய தடம்.

“ஏம்ப்பா, உனக்கு எத்தனை பொண்டாட்டி?”

“இவ ஒருத்தியையே கட்டி மேய்க்க முடியலை சிஸ்டர்.”

ஃபைனஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிஸ்டரும் சிரித்துக்கொண்டே அவனுக்கு மிச்சமிருந்த விரலில் குத்தினாள்; பிறகு ஃபைனஸின் விரலிலும்.

முடிவு வந்தபோது சிஸ்டர் சிரிக்கவில்லை. “நீ கொஞ்சம் வெளிய இருப்பா. இவகிட்ட தனியாப் பேசணும்.”

எழுந்தவனின் சட்டையை ஃபைனஸ் பிடித்துக்கொண்டாள். “அவரும் இருக்கட்டும் சிஸ்டர்.” தனியாகக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

“உனக்கு இருக்கு தாயி. ஆனா இன்னையிலேருந்து தினம் மாத்திரையைத் தவறாமப் போட்டீன்னா, பிள்ளை பெரும்பாலும் தப்பிச்சுக்கும்.”

லாஸ்டன் தொண்டையைச் செருமினான். “பயப்படாத. நான் பாத்துக்கறேன்.”

அப்படி ஒரு வார்த்தையை அவளிடம் யாராவது சொல்லி எவ்வளவு காலமாயிற்று! அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் உருவிக்கொள்ளவில்லை.

வெளியே மாமர நிழலில் இன்னொருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அண்ணே, அடுத்து நான்தானே?”

லாஸ்டன் ஃபைனஸின் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பெண்ணோடு உள்ளே போனான்.

மருந்து வாங்கிக்கொண்டு ஃபைனஸ் திரும்பும்போது ஜன்னல் வழியே அதே குரல் கேட்டது. “பயப்படாத. நான் பாத்துக்கறேன்.”

கருவாட்டுக்கு வாங்கிய வார்த்தைதான், அவளுக்குத் தெரியாதா? இருந்தும் வயிறு எரிந்தது.

பம்படிக்குப் போய், கையில் தண்ணீர் பிடித்து, முதல் மாத்திரையை விழுங்கினாள்.

“நான் பாத்துக்கறேன்,” என்று வயிற்றைப் பார்த்துச் சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள். அங்கே வேறு யாரும் இல்லை.