இடது கால் கேட்காத கார்

தாவீதுராஜின் இடது முழங்கால் பாதிதான் மடங்கும். உலகச் சண்டைக் காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ் ஒன்றை அவன் மதுரை லைனில் ஓட்டிக்கொண்டிருந்தான். பாலவனத்தம் தாண்டி ஒருநாள் வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. பயணிகள் சிராய்ப்போடு தப்பினார்கள், டிரைவருக்குத்தான் கால் போயிற்று. கிளச்சை மிதிக்க முடியாத டிரைவரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? அவன் வீட்டில் உட்கார்ந்தான். மனைவி சவுந்தரம் திருச்சுழி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் சம்பளத்தில் இரண்டு வருஷம் ஓடியது. அவள் ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அவள் சொல்லாததுதான் அவனுக்குச் சுமையாக இருந்தது.

நாற்பத்தாறில் ஆஸ்பத்திரியின் அமெரிக்க டாக்டரம்மா சென்னைக்குப் போய், ஊர் திரும்பும் அமெரிக்கப் படை அதிகாரி ஒருவரிடமிருந்து ஒரு பழைய காரை வாங்கி வந்தாள். ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. கிளச் மிதியே இல்லை. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டி அது. கியர் பெட்டிக்குள் ஒரு பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்ப, அந்த அழுத்தம்தான் உள்ளே எல்லா வேலையையும் செய்கிறது என்று டாக்டரம்மா சொன்னாள். தாவீதுராஜ் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. இடது காலுக்கு வேலை இல்லை என்ற ஒரு விஷயமே அவனுக்குப் போதும். அன்று மாலையே அந்தக் காரைக் கண்மாய்க் கரை வரை ஓட்டிப்போய்த் திரும்பினான். வீட்டு வாசலில் நின்ற சவுந்தரம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

அதிலிருந்து மூன்று வருஷம், சுற்றுக் கிராமங்களுக்குப் பிரசவம் பார்க்க அவளைக் கூட்டிப்போவது அவன் வேலை. கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் பேசாததையெல்லாம் அந்தக் கருவேலங்காட்டுப் பாதைகளில் பேசித் தீர்த்தார்கள். இடையில், நாற்பத்தேழின் கடைசியில், டாக்டரம்மாவின் தாயாருக்கு உடம்பு மோசமென்று தந்தி வந்து, அவள் அவசரமாகக் கப்பலேறினாள். கார் ஆஸ்பத்திரிக்கே சொந்தமாகிவிட்டது.

நாற்பத்தொன்பது சித்திரையில் கோளாறு தொடங்கியது. காலையில் புறப்படும்போது கார் நன்றாகத்தான் போகும். ஐந்தாறு மைல் போனதும் எஞ்சின் உறுமும், சக்கரம் நகராது. மேட்டில் ஏறும்போது இன்னும் மோசம். நிறுத்திவைத்து அரை மணி நேரம் கழித்து எடுத்தால் மறுபடி ஓடும். மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, உள் பம்பு தேய்ந்துபோயிற்று, சாமான் அமெரிக்காவிலிருந்துதான் வர வேண்டும் என்று கைவிரித்தார். ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடியது. நரிக்குடிப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் எஞ்சினை மட்டும் தன் வயல் கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கேட்டார். அதைக் கொடுத்துவிட்டு ஒரு ஜீப் வாங்கலாம் என்று பேச்சு. திங்கட்கிழமை முடிவு.

ஜீப்புக்குக் கிளச் உண்டு. தாவீதுராஜ் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சவுந்தரம் அவன் இலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அருப்புக்கோட்டை ஜின்னிங் பேக்டரியில் பிட்டராக இருக்கும் இருளப்பசாமியைப் பற்றிச் சொன்னாள். அவருடைய மகளுக்குத் தலைப்பிரசவம் பார்த்தவள் அவள்தான். பஞ்சுப் பொதியை அமுக்குகிற பிரஸ்ஸும் எண்ணெய் அழுத்தத்தில்தானே ஓடுகிறது என்றாள்.

"கார் தெரியாத ஆளுகிட்டப் போயி என்ன செய்ய?" என்றான் அவன்.

"கார் தெரிஞ்ச ஆளு பாத்துட்டாருல்ல. இனி அழுத்தம் தெரிஞ்ச ஆளு பாக்கட்டுமே."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருவரும் புறப்பட்டார்கள். ஸ்டோரில் மிச்சமிருந்த இரண்டு டின் கியர் எண்ணெயையும் அவன் பின்னால் ஏற்றிக்கொண்டான். வழியில் கார் மூன்று இடத்தில் நின்றது. மூன்றாவது முறை வேப்பமரம் ஒன்றும் பக்கத்தில் இல்லை. சவுந்தரம் குடையை விரித்து அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். அவன் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, காரைத் திட்டாமல், காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுவதுபோல் ஏதோ முணுமுணுத்தான். அவள் சிரித்துக்கொண்டாள்.

இருளப்பசாமி அறுபதை நெருங்கியவர், குறைவாகப் பேசுகிறவர். பேக்டரிக்கு அன்று லீவு, அவர் வீடு அதை ஒட்டியே இருந்தது. எஞ்சினில் கையே வைக்காமல், ஒரு வைத்தியரைப் போல நிறையக் கேள்வி கேட்டார். எப்போது நிற்கிறது, எத்தனை மைலுக்குப் பிறகு, முன்னால் போகும்போது மட்டுமா, பின்னால் எடுக்கும்போதுமா. பின்னால் எடுக்கும்போதும்தான் என்று சொன்னதும் தலையாட்டினார். பிறகு காரின் பின்சக்கரங்கள் தரையில் படாதபடி மரக்கட்டை வைத்துத் தூக்கிவிட்டு அடியில் நுழைந்தார். கியர் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிறு திருகு மூடி இருந்தது. அழுத்தம் பார்க்கத்தான் விட்டிருக்கிறார்கள் என்றார். பிரஸ்ஸில் மாட்டுகிற மீட்டரின் மரை அதற்குச் சேரவில்லை. பேக்டரி லேத்தில் ஒரு பித்தளைத் துண்டைக் கடைந்து மரை வெட்டிப் பொருத்த இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை சவுந்தரம் அவர் பேரனை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

எஞ்சினை ஓடவிட்டார்கள். மீட்டர் முள் எழுபதுக்குப் போயிற்று. சூடு ஏற ஏற அறுபது, ஐம்பது என்று இறங்கியது. முப்பதுக்கு வந்தபோது தாவீதுராஜ் குனிந்து முள்ளைப் பார்த்தான். பம்பு தேய்ந்ததுதான் உண்மை என்று நினைத்தான். இருளப்பசாமியோ முள் எந்த எண்ணில் இருக்கிறது என்பதைவிட, அது எப்படி நிற்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கியரில் போட்டாலும் முள் குளிர்காய்ச்சல் கண்டதுபோல நடுங்கியது.

"பம்பு தேஞ்சிருந்தா முள்ளு எறங்கிப்போயி அசையாம நிக்கும்," என்றார். "உள்ள ஒரு கியருக்குப் போற வழியில ஒழுகுனா அந்தக் கியர்ல மட்டும் விழும். இது எல்லாத்துலயும் நடுங்குது. பம்பு நல்லாத்தான் இருக்கு. எண்ணெயோட காத்தையும் சேத்துக் குடிக்குது. எண்ணெய் எம்புட்டு இருக்கு?"

தாவீதுராஜுக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. எண்ணெய் பார்க்காமல் ஒரு நாளும் அவன் வண்டி எடுத்ததில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, சற்று நேரம் விட்டு, கியர் பெட்டியின் அளவுக் கம்பியை உருவிக் காட்டினான். கோடு வரை எண்ணெய் இருந்தது. இருளப்பசாமி கம்பியை வாங்கித் துணியில் துடைத்தார்.

"ஓடும்போது பாத்திருக்கீகளா?"

எந்த வண்டியில் எஞ்சின் ஓடும்போது எண்ணெய் பார்ப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றான். டாக்டரம்மா எஞ்சினை ஓடவிட்டுத்தான் கம்பியை உருவுவாள். அணைக்க மறந்துவிடுகிறாள், பெட்ரோல் வீணாகிறது என்று அவன் மனதுக்குள் குறைபட்டிருக்கிறான். அவள் போனபின் அந்த வேலை அவன் கைக்கு வந்தது. அன்று முதல் எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்ப்பதைப் பெரிய சிக்கனம் என்று நினைத்திருந்தான்.

எஞ்சினை மறுபடி ஓடவிட்டுக் கம்பியை உருவினார்கள். நுனியில் மட்டும் ஈரம் இருந்தது, அதுவும் சோப்பு நுரை மாதிரி. ஓடும்போது எண்ணெய் மேலே பெட்டி முழுக்க ஏறிக்கொள்கிறது, நின்றதும் எல்லாம் அடித்தொட்டிக்கு வடிந்து வந்து நிறைந்த மாதிரி காட்டுகிறது என்று இருளப்பசாமி விளக்கினார். பெட்டியின் பின்முனையிலிருந்த கசிவையும் விரலால் தொட்டுக் காட்டினார். ஒன்றரை வருஷமாகச் சொட்டுச் சொட்டாகப் போன எண்ணெய். தொட்டியில் குறைந்ததும் பம்பின் வாய் காற்றை இழுக்கிறது. ஓட ஓட நுரை கூடுகிறது, நின்றால் நுரை அடங்கிவிடுகிறது. கசிவு சின்னதுதான், மாதாமாதம் பார்த்து ஊற்றிவந்தால் போதும் என்றார்.

டின்னை உடைத்து, எஞ்சின் ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். ஒரு டின்னும் அடுத்ததில் பாதியும் போயின. முள் நடுக்கத்தைக் குறைத்தது. பிறகு மெதுவாக ஏறி, அறுபத்தைந்தில் ஆணி அடித்ததுபோல நின்றது. தாவீதுராஜ் அதைப் பார்க்கவில்லை. காரின் மறுபக்கம் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். சவுந்தரம் குழந்தையை அதன் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"என் கையாலயே இதக் கொல்லப் பாத்தேன், சவுந்தரம்."

"தெரியாமச் செஞ்சதுதான. கைவிடாம இம்புட்டுத் தூரம் கொண்டாந்தீகல்ல."

"நாளைக்குக் கமிட்டியில சொல்லணும்."

"சொல்லுங்க. நானும் வாரேன்."

மறுநாள் கமிட்டித் தலைவரான போதகர் ஜான்ராஜ் வீட்டில் கமிட்டி கூடியபோது அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. தவறு வண்டியுடையது அல்ல, என்னுடையது என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆரம்பித்த வாய், முழங்காலையும் சொல்லிவிட்டது. ஜீப் வந்தால் தன்னால் ஓட்ட முடியாது, ஆஸ்பத்திரிக்கு ஜீப்தான் நல்லது என்று பெரியவர்கள் நினைத்தால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். சவுந்தரம் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதகர் வெளியே வந்து காரில் ஏறினார். கண்மாய் மேடு வரை ஓட்டச் சொன்னார். ஏறி, இறங்கி, உச்சிவெயிலில் பத்து மைல் சுற்றி வந்தார்கள். திரும்பியதும் அவர் மற்றவர்களிடம், நரிக்குடிக்காரர் வேறு எஞ்சின் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். தாவீதுராஜிடம் மட்டும், எண்ணெய் பார்க்கும் முறையை ஒரு தாளில் நல்ல தமிழில் எழுதிக் காருக்குள் ஒட்டிவைக்கும்படி சொன்னார்.

"நாளைக்கு உமக்குக் காய்ச்சல்னாலும் வண்டிக்குக் காய்ச்சல் வரக் கூடாது பாரும்," என்றார்.

அந்த வாரக் கடைசியில் மாயக்காள் என்ற பெண்ணுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. இரண்டு நாள் அந்த ஊரிலேயே தங்கிப் பிரசவம் பார்த்த சவுந்தரத்தை அழைத்துவரத் தாவீதுராஜ் விடியற்காலையில் போனான். கார் கிளம்பியதும் பிள்ளைகளின் எடையைச் சொல்ல ஆரம்பித்தவள், பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனாள். கம்பங்கொல்லைகளுக்கு நடுவே கார் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. மேடு வந்தது, கியர் தானாக மாறியது, ஒரு குலுக்கல் இல்லை. அவள் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்தபோது, அவன் வலது கையை நீட்டி மெதுவாகத் தன் தோள் பக்கம் சாய்த்துக்கொண்டான்.