கதவடியில் ஒரு விரற்கடை

திற்பரப்பு அருவியில் குளிக்க வருகிறவர்களுக்காக மாடியில் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தார் ரசலையன். வாடகையைவிட அவருக்கு முக்கியம், தங்குகிறவர்களிடம் பேசக் கிடைக்கும் நேரம். மோட்டார் எப்படித் தண்ணீர் இழுக்கிறது, ரப்பர் பால் எப்படி ஷீட்டாகிறது என்று எதையாவது அடிமுதல் விளக்காமல் அவர் யாரையும் ஊருக்கு அனுப்பியதில்லை.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. குளியலறைச் சுவரெல்லாம் பூசணம். நாற்றம் தாங்காமல் மூன்று குடும்பங்கள் பாதியில் கிளம்பிவிட்டன.

"இனி ஒரு ஆளு நாத்தம்ணு சொல்லட்டு, அண்ணைக்கே அங்க ரப்பர் ஷீட்ட அடுக்கிப்போடுவேன்" என்று மனைவி ஜெபகுமாரி தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

ரசலையன் கடைக்கு ஓடினார். "அந்தச் சின்ன குளிமுறிக்கு ஆறு இஞ்சு போரும் அண்ணே" என்று கடைக்காரர் செல்வதாஸ் சொன்னதைக் கேளாமல், பன்னிரண்டு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனை வாங்கிவந்து சன்னல் இருந்த இடத்தில் பொருத்தினார். கதவிடுக்கில் பூரான் நுழையாதிருக்க, சொந்தத் தோட்டத்து ரப்பர் ஷீட்டை நாடாவாக வெட்டி நாலு பக்கமும் ஆணியடித்தார். காற்றுகூடப் புகாது என்று பெருமை வேறு.

சனிக்கிழமை காலையில் சுசீந்திரத்திலிருந்து வந்து அறையில் தங்கிய நாராயணபெருமாள் குளிக்கப் போனார். ஃபேன் அரைவை மில் மாதிரி இரைந்தது. சற்று நேரத்தில் உள்ளிருந்து தடதடவென்று கதவு தட்டும் சத்தம்.

"ஓய்! கதவு தொறக்கமாட்டேங்கு! நாத்தம் கொடல பிடுங்குது!"

ஜெபகுமாரி நாலு ரப்பர் ஷீட்டைத் தோளில் போட்டுக்கொண்டே மாடியேறி வந்தாள். "கேட்டேளா? நாத்தம்ணு சொல்லியாச்சு."

ரசலையன் கைப்பிடியைப் பற்றி இழுத்தார். கதவு அசையவில்லை. ஜெபகுமாரி வெளியே இருந்த சுவிட்சைத் தட்டி ஃபேனை அணைத்தாள். மறுகணம் கதவு படீரென்று திறக்க, ரசலையன் தரையில் உட்கார்ந்தார். எதிரே சோப்பு நுரையும் துண்டுமாக நாராயணபெருமாள்.

விழுந்த வலி மறந்து ரசலையனின் முகம் மலர்ந்தது. "ஃபேன் ஓடுனா தொறக்கல்ல, நிண்ணா தொறக்குது! அப்போ வெளிக்காத்துதான் கதவ அமுக்கிப் பிடிச்சிருக்கு!"

"ஆராய்ச்சிய பொறவு வச்சுக்கிடும். தண்ணி போற ஓட்டையில களக்களக்குணு சத்தம் வேற" என்றார் நாராயணபெருமாள்.

"புகைப்புரையில அடி ஓட்டைய அடச்சா புகை மேல போவுமா?" என்றாள் ஜெபகுமாரி.

இருபது வருடமாகப் புகைப்புரையில் ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்துகிறவர் ரசலையன். தினமும் முதல் வேலை, காற்று நுழையும் அந்த அடி ஓட்டையைத் திறப்பது. உள்ளே வந்தால்தானே காற்று வெளியே போகும்? இங்கே எல்லா வழியையும் அடைத்துவிட்டதால், ஃபேன் மிச்சமிருந்த ஒரே வழியில் காற்றை இழுத்திருக்கிறது. தரை ஓட்டையின் வளைகுழாயில் தேங்கிய தண்ணீரையும் தாண்டி, கக்கூஸ் தொட்டியிலிருந்து.

"ஏட்டி, கரண்டும் குடுத்து நானே நாத்தத்த விளிச்சு வரவச்சிருக்கேன்!"

பால்வெட்டும் கத்தியால் கதவடி ரப்பரை ஒரு விரற்கடை உயரத்துக்குச் சீவி எறிந்தார். நுரை காய நாராயணபெருமாள் பார்த்துக்கொண்டு நிற்க, ஃபேனைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தி, ஒரு செய்தித்தாள் துண்டை ஃபேன் வலைமேல் வைத்துக் கையை எடுத்தார். தாள் விழாமல் ஒட்டிக்கொண்டது.

"இப்பம் பிடிச்சு இழுக்கு பாத்தீரா! பூரானுக்கு ஒரு துண்டு வலை அடிச்சாப் போரும்."

நாராயணபெருமாள் அவரை வெளியே தள்ளிவிட்டு மறுபடி குளிக்கத் தொடங்கினார். ரசலையன் கதவருகே குந்தி, புது இடுக்கில் வாயை வைத்தார்.

"குளிச்சு முடிஞ்சும் கால் மணிக்கூறு ஃபேன் ஓடட்டும் கேட்டீரா, சுவரு காயணும். மாசத்துக்கு ஒருக்கா ஃபேன் இலைய தொடைக்கணும், அழுக்குப் பிடிச்சா இழுக்காது. ஆளு தங்காத நாளுல தண்ணி போற ஓட்டையில ஒரு செம்பு தண்ணி ஊத்தணும், இல்லேண்ணா..."

"உள்ள நாத்தம் உண்டா?" என்று படியிலிருந்து கேட்டாள் ஜெபகுமாரி.

"நாத்தம் போச்சும்மா" என்றது உள்ளிருந்து குரல். "காத்தும் நல்லா வருது. கூடவே இவரும் வாராரு. அந்த ரப்பர்ல ஒரு துண்டு குடுங்க, பேசுற பக்கம் மட்டும் அடச்சுக்கிடுதேன்."

ஜெபகுமாரி சிரித்தபடி, கொண்டுவந்த ஷீட்டுகளோடேயே திரும்பக் கீழே இறங்கினாள்.