அடிக்க வேண்டிய வரி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி கேன்டீன்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிற பதினாலு பேரும் பொம்பளைகள், எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். டீச்சர் எங்கள் கட்டுரையைத் தொட மாட்டார். நோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவள் படித்து, இடிக்கிற இடத்தில் பென்சிலால் கேள்வி எழுத வேண்டும். எழுதியவள் மறுபடி எழுதிக்கொண்டு வர வேண்டும். மாதக் கடைசியில் எல்லோர் முன்னாலும் வாசிப்பு. இடம் கொடுத்த மேனேஜரும் வந்து உட்காருவார்.

என் ஜோடியை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவோம். தொண்டை அப்படி. எட்டு மாதத்துக்கு முன் பிரஸ் மெஷினில் அவளுக்கு வலது கையில் இரண்டு விரல் போயின. இப்போது என்னோடு பேக்கிங்கில் இருக்கிறாள். எதிலும் குறை சொல்வேனாம், எனக்கு அவள் வைத்த பேர் நொட்டை.

முதலில் ஆறே வரி எழுதியிருந்தாள். ‘என் கவனக்குறைவால் விரல்களை இழந்தேன்’ என்று முடித்திருந்தாள். நான் ஓரத்தில் எழுதினேன்: ‘ரெண்டு கையாலும் ரெண்டு பட்டனை அமுக்கினால்தான் அந்த மெஷின் இறங்கும். அப்போ கை எப்படி உள்ளே போச்சு?’ என் வீட்டுக்காரர் அங்கே ஃபிட்டர். அதனால் தெரியும். நல்ல கேள்வி கேட்டுவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு.

“நொட்டைக்கா, போலீஸ்ல சேர வேண்டிய ஆளு நீங்க” என்றாள் வெண்கலம்.

அடுத்த ஞாயிறு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். ‘அன்றைக்குத்தான் அந்த மெஷினில் என்னை உட்கார வைத்தார்கள். ஒரு பட்டன் முன்னாலேயே அமுங்கிக் கிடந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தபோது இரண்டும் சரியாக வேலை செய்தன. வலியில் என் மூளைதான் குழம்பியிருக்கும்.’

நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். எழுந்து உட்கார்ந்தார்.

“அந்தப் பட்டன் சமாச்சாரத்தை எடுத்துடச் சொல்லு.”

“எதுக்கு?”

“நீதானே திருத்துறவ? எடுக்கச் சொன்னா எடுப்பா.”

“எதுக்குன்னு கேட்டேன்.”

நோட்டை மூடி வைத்தார். “டேப் போட்டு ஒட்டியிருந்தேன். ஒரு கையில ஓட்டினா வேகமா ஓடும்னு சூப்பர்வைசர் சொன்னாரு. அவள வண்டியில ஏத்துறதுக்குள்ள பிச்சு எறிஞ்சுட்டேன்.”

“எட்டு மாசம். எங்கிட்டகூட வாயத் திறக்கல.”

“திறந்திருந்தா? ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து காத்தக் குடிச்சிருப்போம்.”

அந்த வாரம் முழுக்க மத்தியானம் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைப் பாதியிலேயே மூடினேன். “என்னக்கா, மாசமா இருக்கீங்களா?” என்று வெண்கலம் பேக்கிங்கே அதிரக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் நோட்டு என் முன்னால் இருந்தது. ஓரம் வெறுமையாகக் கிடந்தது. டீச்சர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, இன்னிக்குக் கேள்வியே இல்லையா?”

“அக்கா அசந்துபோயிட்டாங்க டீச்சர். அவ்வளவு நல்லா எழுதியிருக்கேன்” என்றாள் வெண்கலம்.

வீட்டுக்காரர் சொன்னபடி எழுதினால் என் வீடு பிழைக்கும். அவளும் தயங்காமல் எடுத்துவிடுவாள். நான் சொன்னால் கேட்கிறவள். தப்பு அவளுடையதுதான் என்று கம்பெனிக்காரர்கள் கையெழுத்து வாங்கியபோதும் அப்படித்தான் போட்டுக் கொடுத்தாள்.

நான் எழுதினேன்: ‘கடைசி வரியை அடித்துவிடு. உன் மூளை குழம்பவில்லை.’

படித்துவிட்டு என்னையே பார்த்தாள்.

“உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

சொன்னேன். டேப், சூப்பர்வைசர், பிய்த்து எறிந்தவர் யார் என்பது வரை எல்லாவற்றையும். அந்தத் தொண்டை தணிந்து கேட்டது.

“எப்பலேருந்து தெரியும்?”

“போன ஞாயித்துக்கிழமைலேருந்து.”

“இந்த ஆறு நாளும் எதுத்தாப்புல உக்காந்துதானேக்கா சாப்பிட்டீங்க?”

அவள் நோட்டை இழுத்துக்கொண்டாள். கடைசி வரியை இரண்டு முறை கோடு போட்டு அடித்தாள். பிறகு மிச்சமிருந்த விரல்களில் பேனாவைச் செருகி எழுதத் தொடங்கினாள், எனக்குத் தெரியாதபடி இடது கையால் பக்கத்தை மறைத்துக்கொண்டு.