ஓட்டாமல் எழுதிய மதிப்புரை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. அக்கா வீட்டுக்காரரின் பதினாறு வயது செடானுக்கு மதிப்புரை எழுதத்தான் உட்கார்ந்தேன். வார இதழ் ஒன்றில் பதினோரு வருடமாகப் பழைய கார்களைப் பற்றி எழுதுகிறேன். 'வாங்கலாம்' என்று நான் முடித்தால் அந்த வாரமே வண்டி கைமாறிவிடும். மாமாவுக்கு இது தெரியும். அதனால்தான் வழக்கமில்லாத மரியாதையோடு அன்று எனக்குக் காபி வந்தது.

2

முதல் தொடக்கம்: "நடுத்தரக் குடும்பத்தின் கம்பீரம் நான்கு சக்கரங்களில்..." சகிக்கவில்லை.

இரண்டாவது: "வயதானாலும் இவள் இன்னும்..." வேண்டாம். எங்கள் இதழின் ஆசிரியை காலரைப் பிடிப்பார்.

சரி, உள்ளதை எழுதுகிறேன். முன்கதவைச் சற்றுத் தூக்கித்தான் சாத்த வேண்டும். ஏசி முகத்தை விட்டுவிட்டு முழங்காலைக் குளிர்விக்கும். பின் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், மூவருக்குள்ளும் பேச்சுவார்த்தை இருந்தால். டிக்கி விசாலம்; மாமாவின் பெருமையைத் தவிர எல்லாம் அடங்கும். பிரேக் கச்சிதமாகப் பிடிக்கிறது.

3

மாமாவை என்ன செய்வது என்று தெரியவில்லை. (வில்லனாக்கிவிட்டால் கதைக்கு வசதி. ஆனால் தன் சட்டையைத் தானே இஸ்திரி போடுகிற மனிதர். அதை எல்லோரிடமும் சொல்லவும் செய்வார்.)

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். வண்டிக்கு வயதாகிவிட்டதாம். பதினைந்து வருடமாக ஆகாத வயது, அக்கா லைசென்ஸ் எடுத்த எட்டே மாதத்தில் ஆகிவிட்டது. அவளுக்கு ஊருக்கு வெளியே ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஆறு மணி ஷிஃப்ட். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. கார் போனால் வேலையும் போய்விடும். வேலைக்குப் போகாதே என்று மாமா ஒருநாளும் சொன்னதில்லை. காரைத்தான் விற்கிறார். எவ்வளவு பெரிய மனசு!

4

மாமா குளிக்கப் போனதும் அக்கா என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மோசமா எழுதிடுடா, யாரும் வாங்கக் கூடாது."

நான் தொழில் தர்மம் பற்றி நீளமாகப் பேசினேன்.*

* தொழில் தர்மம்: அக்கா கேட்டதைச் செய்யாமலும் மாமாவைப் பகைத்துக்கொள்ளாமலும் இருக்க அந்த நிமிடத்தில் எனக்குக் கிடைத்த சொல்.

5

முடிவு அ: 'வாங்கலாம்' என்று எழுதுகிறேன். சனிக்கிழமை வண்டி போகிறது. மாமா எனக்கு விருந்து வைக்கிறார். அக்கா பரிமாறுகிறாள்.

முடிவு ஆ: 'வேண்டாம்' என்று எழுதுகிறேன். வண்டி வாசலிலேயே நிற்கிறது. சாவி மாமாவின் சட்டைப் பையில் இருக்கிறது.

முடிவு இ: ஒரு நாள் அக்கா துணிந்து...

இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இதுவரை எழுதிய காகிதங்களை அக்காவிடமே நீட்டினேன்.

6

நின்றுகொண்டே படித்தாள். இரண்டாம் பகுதியில் விரலை வைத்தாள்.

"பிரேக் கச்சிதமா பிடிக்குதுன்னு எழுதியிருக்கியே. மிதிச்சுப் பாத்தியா?"

இல்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இத்தனை வருடமும் வண்டியின் சொந்தக்காரர்கள் ஓட்ட, பக்கத்து சீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறேன். (இதை முதல் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டீர்கள்.)

"என்னையும் அப்படித்தான் எழுதியிருக்க," என்றாள். "மாமா என்ன நினைக்கிறார்னு ஒரு பக்கம். நீ என்ன நினைக்கிறேன்னு ரெண்டு பக்கம். எனக்கு ஒரே ஒரு வரி."

எண்ணிப் பார்த்தேன். ஒரே ஒரு வரிதான். வெட்கமாக இருந்தது.

என் பேனாவைப் பிடுங்கினாள். மதிப்புரையின் கடைசியில் தீர்ப்புக்காக நான் போட்டிருந்த கட்டத்தில் 'வாங்கலாம்', 'வேண்டாம்' இரண்டையும் அடித்துவிட்டுக் கீழே எழுதினாள்: விற்பனைக்கு இல்லை.

7

குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. காகிதம் என் கையில் இருக்கிறது. படம் எடுத்து ஆசிரியைக்கு அனுப்ப ஒரு நிமிடம் போதும். மடித்துப் பைக்குள் வைக்க அதுகூட வேண்டாம். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் வழக்கம்போலப் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்துவிட்டேன். நீங்கள் ஓட்டுங்கள்.