பதினான்காம் கதவின் பின்பக்கம்

கண்காட்சி என்றால் இராசையாவுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: ஓட்டோவுக்கு அரை மணித்தியால ஓய்வு. கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப் போனால் செருப்புக்குக் காவல் இருக்க வேண்டும். கோட்டைக்குள் போனால் மானோடு படம் எடுக்கிறவர்களுக்காக வெயிலில் காய வேண்டும். திருகோணமலை உட்துறைமுக வீதியில் முந்தி அரிசி ஸ்டோராக இருந்த கட்டடத்துக்கு வெள்ளை அடித்து, கலை மண்டபம் என்று பெயர் எழுதித் திறந்த பிறகு அவருக்கு நல்ல காலம் பிறந்தது. உள்ளே போனவர்கள் லேசில் வெளியே வரமாட்டார்கள். அதற்குள் வாகை மர நிழலில் பின் சீற்றில் காலை நீட்டி ஒரு கண் அயர்ந்து எழும்பலாம். சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வருகிறார்களே, இவர்களுடைய வீட்டில் சுவரே இல்லையா என்று மட்டும் சில நேரம் யோசித்திருக்கிறார். எட்டிப் பார்த்ததில்லை.

அன்றைக்கு ஏற்றிப் போனது ஒரு கொழும்புத் தம்பதி. நித்திரை பிடிக்கிற நேரம் பார்த்து அந்தக் கணவன் வாசலுக்கு வந்து கை காட்டினான்.

"அண்ணன், உள்ள வந்து எங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு ஃபோட்டோ எடுத்துத் தாறீங்களா?"

உள்ளே போன இராசையாவுக்குச் சிரிப்பு வந்தது. சுவர் முழுக்கக் கதவுகள். இருபத்திரண்டு கதவுகள், எல்லாம் பழசு, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு லைற். திறந்தால் போக ஓர் அறை கிடையாது. வெறும் சுவரில் இறுக்கிப் பூட்டி வைத்துவிட்டு, கண்காட்சிக்கு 'வாசல்' என்று பேரும் வைத்திருந்தார்கள். விசர் பிடித்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு போனை உயர்த்தினார். திரையில் அந்தப் பெண்ணின் முழங்காலுக்குப் பக்கத்தில், கதவின் கீழ் மூலையில், ஒரு தகரத் துண்டு தெரிந்தது. அதில் பாதி ரோசாப்பூ.

"அண்ணன், எடுத்தாச்சா?"

எடுக்கவில்லை. அந்தத் தகரம் அவர் அடித்தது. எலி கடித்த மூலையை மறைக்க பிஸ்கற் பேணியை வெட்டி, ஏழு ஆணி வைத்து, மூதூருக்குக் கிழக்கே சம்பூரில் தன்னுடைய வீட்டு முன்கதவில் அவரே அடித்தது. நடு ஆணி வளைந்துபோக, அதைப் பிடுங்கப் பஞ்சிப்பட்டு அப்படியே மடக்கி விட்டிருந்தார். மடங்கின ஆணி மடங்கினபடியே இருந்தது. பக்கத்தில் அட்டையில் எழுதியிருந்ததை அவர் இரண்டு தரம் வாசித்தார். 'வாசல் 14. மூதூர் கிழக்கு. பாலை மரம், தகரம், காலம். உரிமையாளர் தெரியாது.'

கதவு போனது அவருக்குப் புதிய செய்தியல்ல. இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் சண்டைக்குப் பயந்து ஊரோடு ஓடினவர்கள், பத்து வருசம் கழித்துத் திரும்பி வந்தபோது வளவில் பற்றைதான் நின்றது. ஓடு, யன்னல், நிலை, கிணற்றுக் கப்பி, ஒன்றும் இல்லை. அழ வேண்டியதை அப்போதே அழுது முடித்தாயிற்று. இப்போது நெஞ்சு அடித்துக்கொண்டது கதவுக்காக இல்லை. கதவின் பின்பக்கத்துக்காக.

அவருக்கு ஒரே மகள், நிரோஜினி. ஆறாம் வகுப்புக்குப் போன தை மாதம், கவராயத்தின் கூர் முனையால் அந்தக் கதவின் உட்பக்கத்தில் பள்ளிக்கூட நேரசூசியைக் கீறி வைத்தாள். திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு எட்டுப் பாடம், பெட்டி பெட்டியாகக் கோடு போட்டு, மரத்துக்குள் இறங்கும்படி ஆழமாக. ஆசைப்பட்டுச் செய்வித்த பாலைக் கதவு. வேலையால் வந்து அதைக் கண்ட இராசையா பூவரசந்தடியை முறித்துக்கொண்டு வந்து வெளுத்துவிட்டார். அவளுக்கு அவர் அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். மூன்று மாதத்தில் ஊர் ஓடியது. ஓடின இடத்தில், வாகரைப் பக்கம் ஒரு மரத்தடியில், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதை திறக்கவில்லை. பாதை திறந்தபோது ஏற்றிப் போகப் பிள்ளை இல்லை. அவளுடைய கொப்பி இல்லை, படம் இல்லை, ஒரு சட்டைகூட மிஞ்சவில்லை. அவள் கைபட்ட எழுத்து இந்த உலகத்தில் எங்கேயாவது இருக்கிறதென்றால் அது இந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது, சுவரைப் பார்த்தபடி.

கதவு விளிம்பில் விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். மேசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை ஓடி வந்தாள். ஜெனிதா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது.

"ஐயா, தொடேலாது. ஒண்டையும் தொடக்கூடாது ஐயா."

"இது என்ர வீட்டுக் கதவு, பிள்ளை."

அவள் நல்ல பிள்ளை. சிரிக்கவில்லை. பொறுப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பொறுப்பாளர் சசிகரன் முப்பது வயசுக்காரன். அமைதியாகக் கேட்டுவிட்டு, அமைதியாகவே ஒரு கேள்வி கேட்டான்.

"உங்கட கதவுதானெண்டதுக்கு ஏதும் அத்தாட்சி இருக்கா ஐயா? பழைய ஃபோட்டோ ஏதும்?"

"ஓடேக்க கதவைப் படம் எடுக்க மறந்துபோனன், தம்பி."

"கோவிக்காதைங்கோ. இது இந்தக் கண்காட்சியைச் செய்த எல்சி மிஸ் பழைய மரக் கடையொண்டில முறையா வாங்கினது. குடுக்கிற அதிகாரம் எனக்கில்லை."

"எனக்குக் கதவு வேண்டாம். நீங்களே வச்சிருங்கோ. ஒருக்காத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டுங்கோ, காணும்."

"பின்பக்கத்தில என்ன இருக்கு?"

மகள் எழுதினது என்று தொடங்கினால் அடித்த கதையும் கூடவே வந்துவிடும். பதினெட்டு வருசமாக மனைவியோடுகூட வாய்விட்டுப் பேசாத கதையை, லைற்றுக்குக் கீழே நின்று ஊர் பேர் தெரியாதவனிடம் சொல்வதா? "சும்மா பாக்கத்தான்" என்று முணுமுணுத்தார். சும்மா பார்ப்பதற்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னான் சசிகரன். கூடவே கிராம சேவகரின் உறுதிக் கடிதமும் வேண்டுமாம்.

கிராம சேவகர் பேனையை எடுத்துவிட்டுக் கீழே வைத்தார். பிறப்புக்கும் இறப்புக்கும் வதிவிடத்துக்கும் மாடு ஏற்றுவதற்கும் கடிதம் கொடுத்துக் கை ஓய்ந்த மனிதர் அவர். கதவுக்குச் சொந்தம் கொண்டாடிக்கொண்டு ஒருவன் வந்தது இதுதான் முதல் தரம் என்றார். ஆனாலும் எழுதிக் கொடுத்தார், சீலும் குத்திக் கொடுத்தார். காணாமல்போன வீட்டுக்கு ஒரு கடிதம் வாங்க ஆறு வருசம் அலைந்தவருக்கு, கதவுக்கு அரை நாளில் கிடைத்தது. தன்னுடைய கடிதத்தில் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதி, இரண்டையும் சசிகரனிடம் கொடுத்தார்.

மனைவி புஸ்பமலரிடம் அன்று பின்னேரம்தான் சொன்னார். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகை வைத்துவிட்டு, "எழுத்து இருக்கோ?" என்று மட்டும் கேட்டாள்.

"திருப்பினாத்தான் தெரியும். கவராயத்தால கீறினது, எங்க போகப்போகுது?"

அவள் அடுத்தடுத்த நாட்களில் ஓட்டோ வரும் சத்தத்துக்கு முன்னமே படலையில் வந்து நின்றாள். பதில் வந்துவிட்டதா என்று அவள் வாயால் கேட்பதைவிட அது மோசமாக இருந்தது.

பதில் ஐந்தாம் நாள் வந்தது. எல்சி தானே போன் எடுத்தார். திருகோணமலையில் பிறந்து, இங்கேயே படித்து, கொழும்புக்குப் போய்ப் பெரிய கலைஞர் ஆனவர். குரலில் அப்படியொரு சந்தோசம்.

"ஐயா, நீங்கள் என்ர வேலைக்கு உயிர் தந்திட்டீங்கள். இந்தக் கதவுகளுக்கு ஒரு மனுசன் வரமாட்டானோ எண்டு நான் எவ்வளவு ஏங்கினனான் தெரியுமோ?"

"திருப்பிக் காட்டுவியளோ, அம்மா?"

"காட்டுறதோ? நீங்களே உங்கட கையால திருப்புங்கோ. சனிக்கிழமை அஞ்சு மணிக்கு மண்டபத்தில வயலின் கச்சேரி வச்சிருக்கிறம். ஹோட்டல்களில இருந்தும் நிறைய ஆக்கள் வருவினம். அவையளுக்கு முன்னால நீங்கள் திருப்பவேணும்."

இராசையாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எவன் பார்த்தால் என்ன? எழுத்து எங்கள் கண்ணில் படுகிற அந்த ஒரு நிமிசத்துக்குப் பின்னால் ஊரே நின்றாலும் நிற்கட்டும் என்று ஓம் சொன்னார்.

சனிக்கிழமை புஸ்பமலர் கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். முன்வரிசையில் இரண்டு கதிரை ஒதுக்கியிருந்தார்கள். கையில் ஒரு தாள் தந்தார்கள். ஐந்தாவதாக வயலின். ஆறாவதாக, 'வாசல் 14: உரிமையாளரின் வருகை'. ஏழாவதாகத் தேநீர். வயலினுக்கும் தேநீருக்கும் இடையில் தன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று கண்டதும் இராசையாவுக்கு உடம்பு கூசியது. எழும்பிப் போய்விடலாமா என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருந்துவிட்டார்.

கச்சேரி நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும், எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவர்கள் இருவருக்கும் ஒன்றும் காதில் ஏறவில்லை. பிறகு எல்சி ஒலிவாங்கியைப் பிடித்து, இழந்த வீட்டைப் பற்றியும், திறக்காத கதவுகளைப் பற்றியும் உருக்கமாகப் பேசினார். பேசி முடித்து, "வாங்கோ ஐயா" என்று கையை நீட்டினார்.

ஓட்டோவிலிருந்து எடுத்து வந்த ஸ்பனரால் நான்கு போல்ற்றையும் இராசையா கழற்றினார். ஒரு போல்ற் நழுவி உருண்டு போனது. சசிகரன் ஒரு பக்கம் பிடிக்க, தான் ஒரு பக்கம் பிடித்து, கதவைச் சுவரிலிருந்து எடுத்துத் திருப்பி நிறுத்தினார்.

பின்பக்கம் வழுவழுவென்று மினுங்கியது. கீறல் இல்லை, கோடு இல்லை, எழுத்து இல்லை. புது வாணிசில் லைற் விழுந்து கண்ணைக் குத்தியது. ஒரு மூலையில் 14 என்று சின்னதாக ஒரு ஸ்ரிக்கர்.

சனம் கை தட்டியது.

"இதில..." என்றார் இராசையா. "இதில எழுத்து இருந்தது, அம்மா."

எல்சி சிரித்துக்கொண்டே ஒலிவாங்கியைச் சற்று விலக்கினார். "ஓம் ஐயா, இஞ்சால் பக்கம் ஆரோ பிள்ளையள் கீறிக் கிறுக்கி வச்சிருந்தவை. சுவரில மட்டமாப் பொருந்தவேணுமெண்டு எல்லாக் கதவையும் பின்னால மெசினில சீவிப்போட்டம். முன்பக்கத்தில ஒண்டும் தொடேல்லை. அதுதானே அழகு?"

அவரை அடித்துப் போட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வாயைத் திறந்து ஏச வேண்டும் போல இருந்தது. யாரை ஏசுவது? அந்தப் பெண் அறிந்து செய்த குற்றம் ஒன்றும் இல்லை. எதையும் அறியாமலே ஒரு பிள்ளையை இரண்டாம் தரம் இல்லாமல் ஆக்கிவிட்டு, அன்பாகச் சிரித்துக்கொண்டு நின்றார். கதவு விழாமல் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர இராசையாவால் ஒன்றும் செய்ய ஏலவில்லை.

புஸ்பமலர் எழும்பி வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. உள்ளங்கையை அந்த வழுவழுப்பில் வைத்து மேலிருந்து கீழே தடவினாள். பிறகு விரல் நுனியால் இடமிருந்து வலமாக, பார்வையில்லாதவர்கள் தடவுகிற மாதிரி. ஜெனிதா பாதி எழும்பினாள், பிறகு இருந்துவிட்டாள்.

"திங்கள்" என்றாள் புஸ்பமலர். "சமயம். கணிதம். கணிதம். தமிழ். ஆங்கிலம். விஞ்ஞானம். சித்திரம். சித்திரம்."

காலமை ஒவ்வொரு நாளும் பிள்ளை நிலத்தில் குந்தியிருந்து புத்தகம் அடுக்க, தாய் தலை வாரிக்கொண்டே கதவைப் பார்த்து அந்த வரிசையை வாசித்துச் சொல்லியிருக்கிறாள். அவர் அப்போது வேலைக்குப் போயிருப்பார். இப்படியொன்று தன் வீட்டில் நடந்தது இராசையாவுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"செவ்வாய். தமிழ். தமிழ். வரலாறு. கணிதம். சங்கீதம்..."

எல்சியின் கண் கலங்கியது. அவர் வயலின்காரரைப் பார்த்து ஒரு விரலை மெல்ல உயர்த்தினார். வயலின் அடித்தொனியில் தொடங்கியது, அவள் சொல்கிற பாடங்களுக்குப் பின்னணியாக. முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரர் போனை நிமிர்த்திப் பிடித்தார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் போன்கள் நிமிர்ந்தன.

"புதன். ஆங்கிலம். கணிதம்..."

நின்றுவிட்டாள். விரல் ஒரே இடத்தில் தடவிக்கொண்டு நின்றது. மறுபடியும் புதனிலிருந்து தொடங்கினாள், மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். முகம் அந்தரப்பட்டது. கூட்டத்தைப் பார்க்காமல் கதவுக்கு மறுபக்கம் நின்ற புருசனை எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, புதன் மூண்டாம் பாடம் என்ன? எனக்கு வருதில்லை. சொல்லுங்கோவன்."

வயலின் அவருக்காகக் காத்து ஒரே சுரத்தில் இழுத்தது. எல்சி ஒலிவாங்கியை அவருடைய வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்தார்.

இராசையாவுக்குத் தெரியாது. அன்றைக்குத் தடியை ஓங்கினபோது அவர் கண்டது பழுதான மரத்தை மட்டும்தான். பிள்ளை என்ன எழுதியிருக்கிறாள் என்று அவர் ஒரு நாளும் வாசித்ததில்லை.