கலங்கல் ஓடையில் ஒரு படல்

சுப்பராயலுவுக்கு மீன் என்றால் உயிர். மகள் தையல்நாயகி என்றால் அதைவிட உயிர். இந்த இரண்டும் ஒரே ஐப்பசியில் வந்து மோதிக்கொள்ளும் என்று பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம் அது. மண்டகப்பட்டுப் பக்கத்துக் கீழூரில் ஏரி மீன் குத்தகையை அவர்தான் எடுத்திருந்தார். கூப்பிடு தூரத்தில் மேலூர். அங்கே ஏரி நிரம்பினால் தண்ணீர் கலங்கலில் வழிந்து, ஓடையாகக் கீழேரிக்கு வரும். மேலேரி மீன் குத்தகை சம்பந்தி தாண்டவராயனுடையது. அவர் வீட்டு மருமகளான தையல்நாயகி முழுகாமல் இருந்தாள். வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடித்து, தலைப் பிரசவத்துக்கு அழைத்து வர ஏற்பாடு. திண்டிவனத்திலிருந்து வளையல்கூட வந்தாகிவிட்டது.

செவ்வாயன்று பெய்த மழையில் மேலேரி வழிந்தது. குடை பிடித்து ஓடையைப் பார்க்கப் போன சுப்பராயலுவுக்கு வயிறு எரிந்தது. புதுத் தண்ணீர் பட்டதும் கெண்டையும் கெளுத்தியும் அதை எதிர்த்துத் துள்ளித் துள்ளி மேலூருக்குக் கிளம்பிவிட்டன. இவர் குத்தகை எடுத்த மீன், இவர் கண்ணெதிரே, சம்பந்தி ஏரிக்கு!

அன்று சாயங்காலமே மூங்கில் படல் கட்டி ஓடையை மறித்தார். தண்ணீர் போகும், மீன் போகாது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"இன்னா வேலை பண்ணிக்கினு வந்திருக்கே?" என்று பிடித்துக்கொண்டாள் மனைவி சின்னபொண்ணு. "வயித்துல முட்டையோட போவுதுங்க. மேலேரி ஓரத்துல கோரை முழுகிக் கெடக்குது. அதுலதான் முட்டை ஒட்டும், குஞ்சு பொழைக்கும். நம்ம ஏரியில கோரை எங்க இருக்குது? வலை இழுக்கத் தோதா இருக்கும்னு நீதானே எல்லாத்தையும் அறுத்துப் போட்டே? மேல பொரிக்கிற குஞ்சுங்க வழியிற தண்ணியோட நம்மகிட்டதான் வரும்."

"வரும், வரும்! சம்மந்தி வலைய மடிச்சு வச்சுக்கினு வேடிக்கை பார்ப்பாரு!"

வெள்ளிக்கிழமை வளைகாப்பு அமர்க்களமாக நடந்தது. மகளை வண்டியேற்றலாம் என்று சுப்பராயலு திரும்பினால், மேலூர் வீட்டு வாசலில் குறுக்கே ஒரு புதுப் படல்! தாண்டவராயன் அதன் கயிற்றை நிதானமாக முடிந்துகொண்டிருந்தார்.

"இன்னா சம்மந்தி இது?"

"படலுங்க. எங்க வூட்டு மருமவ கண்ணெதிர உங்க ஊருக்குப் போறாளே. அங்க வந்தா உங்களுதாயிடாதா? அதான் மறிச்சுட்டேன்."

"தலைப் பிரசவமுங்க! புள்ளையப் பெத்து எடுத்துக்கினு திரும்பி வரப் போறா. இதைப் போயி யாராவது மறிப்பாங்களா?"

"அப்படீங்களா? ஓடையில போறதும் அதுக்குத்தானுங்களே."

கூடியிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சுப்பராயலுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் பயமும் வந்தது. இந்த மனுஷன் நிஜமாகவே அனுப்பாவிட்டால்?

"ஜல்தியாப் போய் அவுத்து வுடுப்பா," என்றாள் தையல்நாயகி, சிரிப்பை வளையல் கையால் மறைத்துக்கொண்டு. "எனக்கு நிக்க முடியல."

சுப்பராயலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்கு ஓடினார். படலைப் பிடுங்கியதுதான் தாமதம், காத்துக் கிடந்த மீனெல்லாம் அவர் முழங்காலில் இடித்துக்கொண்டு மேலே பாய்ந்தன. சற்று நேரத்தில் மகளை ஏற்றிக்கொண்டு வண்டி கீழே இறங்கி வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கார்த்திகையில் ஓடைத் தண்ணீரோடு குஞ்சுகள் கூட்டங்கூட்டமாக இறங்கின. கரையோரம் துளிர்த்த கோரையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சுப்பராயலு ஊருக்கெல்லாம் சொல்லிவைத்தார். மார்கழியில் பேரன் பிறந்தான். அவனைக் கீழே விட அவருக்கு மனசே வரவில்லை.

பங்குனியில் தாண்டவராயன் மருமகளையும் பேரனையும் அழைத்துப் போக வந்தார். வாசலில் குறுக்கே ஒரு பழைய படல் கட்டியிருந்தது. ஓடைச் சேறு இன்னும் அதில் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இன்னா சம்மந்தி இது?"

"ஆட்டுத் தொந்தரவு ஒரே பேஜாரா இருக்குதுங்க," என்றார் சுப்பராயலு, பேரனை இன்னும் இறுக்கிக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி.

அந்தத் தெருவில் யாருக்கும் ஆடே கிடையாது. தாண்டவராயன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து, கயிற்றின் முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார்.