நின்ற இடத்தில் ஓட்டம்

நந்தகுமாருக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் வெயிலைச் சொன்னான். விருத்தாசலத்தில் வெயிலைச் சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை, அப்படி ஒரு வசதி இந்த ஊரில் உண்டு. உண்மையில் அவனுக்குப் பயம். அதுவும் தன் கையால் புல் போட்டு வளர்த்த வெள்ளச்சியைப் பார்த்துப் பயம்.

வெள்ளச்சி அவனுடைய குதிரை. இன்றைக்கு அவன் மகள் இனியாவுக்குக் காதுகுத்து. ஏழு வயதுப் பிள்ளை பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வெள்ளச்சி மேல் உட்கார்ந்து, பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம் போக வேண்டும். பத்திரிகையிலேயே அச்சடித்தாகிவிட்டது. சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது இரண்டு தடவை கொக்கி நழுவியது.

பதினோரு வருஷம் ஷார்ஜாவில் ஒரு பணக்காரரின் லாயத்தில் இருந்தவன் அவன். சாணி அள்ளப் போனவன், குதிரைக்குப் பெரிய வித்தை பழக்கும் அளவுக்குத் தேறித் திரும்பினான். குதிரை ஓர் அடிகூட முன்னே போகாமல், நின்ற இடத்திலேயே தாளம் தப்பாமல் ஓடும். அதற்கு பியாஃப் என்று பெயர். பின்னங்கால்களை மடக்கிப் பாரம் முழுவதையும் அதில் வாங்கிக்கொண்டு, முன்னங்கால் இரண்டையும் தூக்கி அப்படியே நிற்கும். அது லெவாட். ஊர்க்காரர்கள் இந்தப் பெயர்களுக்கெல்லாம் மெனக்கெடவில்லை. எல்லாமே டான்ஸுதான்.

அவன் மனைவி பிரபாவுக்குச் செராமிக் யூனிட்டில் வேலை. பியூஸ் கட்டைகளை மெருகுக் கரைசலில் முக்கி முக்கி எடுத்து வைப்பாள். வெள்ளச்சியைப் பழக்க ஆரம்பித்த நாளிலேயே அவள் கேட்டுவிட்டாள்.

"ஓடப் பொறந்தத ஒரே எடத்துல ஓட வுடுறீங்களே, இதால அதுக்கு என்னாங்க புண்ணியம்?"

"முதுகுக்கு வலு வரும் பிரபா. பாரம் பின்னங்காலுக்குப் போயிடும். ஆளு ஏறுனா முதுகு குழியாது."

அவன் பொய் சொல்லவில்லை. கல்யாண சாரட்டு இழுத்து இழுத்து முதுகு பள்ளம் விழுந்து, பின்னங்காலைத் தேய்த்து நடந்து வந்த குதிரை அது. இரண்டே வருஷத்தில் முதுகு நிரம்பியது, கழுத்து திரண்டது. அவன் கம்பைத் தொட்டதே இல்லை. மேலே உட்கார்ந்து காலால் லேசாக அழுத்திக் கேட்பான். குதிரை இரண்டு அடி எடுத்து வைத்த அந்தக் கணமே காலைத் தளர்த்திவிடுவான். கேட்டது கிடைத்ததும் கேட்பதை நிறுத்திவிட வேண்டும், குதிரைக்கு அதுதான் கூலி. வித்தையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. வெள்ளச்சி ஆடி முடித்து, வாயை மென்று, மூச்சை நீளமாக விட்டுவிட்டு அவன் தோளில் தலையைச் சாய்ப்பதைப் பார்த்த பிறகு பிரபா வாயை மூடிக்கொண்டாள்.

அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கல்யாணக் குதிரைமேல் ஏறுகிற மாப்பிள்ளைக்குக் காலால் கேட்கத் தெரியுமா? அவன் வேட்டியைப் பிடிப்பானா, மாலையைப் பிடிப்பானா, குதிரையிடம் எதைக் கேட்பான்? நந்தகுமார் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தான். காலுக்குப் பதில் மேளம். போனில் பம்பைச் சத்தத்தைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டான். பம்பை அதிரும், வெள்ளச்சி ஆடும், உடனே சத்தத்தை நிறுத்திவிட்டு வெல்லம் கொடுப்பான். பத்தே நாளில் படிந்துவிட்டது. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டான்.

ஸ்பீக்கரை நிறுத்த அவன் விரல் இருந்தது. பம்பைக்காரரை நிறுத்த யார் இருக்கிறார்கள்? இந்தச் சின்ன விஷயம் பதினோரு வருஷம் படித்த மண்டையில் ஏறவே இல்லை.

போன மாதம் மங்கலம்பேட்டை ரோட்டில் ஒரு கல்யாண ஊர்வலத்தில்தான் ஏறியது. பம்பை இருபது நிமிஷம் விடாமல் அடித்தது. வெள்ளச்சி ஆடியது. சத்தம் நிற்கவில்லை. கால்களை இன்னும் உயரமாகத் தூக்கி ஆடியது. அப்போதும் நிற்கவில்லை. யாரும் கேட்காமலே முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து நின்றது. மாப்பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான். கூட்டம் விசில் அடித்தது. வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. எதிரே கயிற்றைப் பிடித்து நின்ற நந்தகுமார் மட்டும் பயத்தில் உருண்ட குதிரைக் கண்ணின் வெள்ளையைப் பார்த்தான். தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டது அந்த வாயில்லா ஜீவன். இன்னும் கேட்டால் எதைக் கொடுக்கும்? மல்லாந்து விழுவது ஒன்றுதான் பாக்கி.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ஷார்ஜாவில் இதைத்தான் கற்றுக்கொண்டு வந்தாயா என்று கேட்பார்கள். பிரபாவே கேட்பாள்.

கோயில் வாசலில் பிரபாவின் தம்பி கார்முகில் வந்து இறங்கினான். பின்னாலேயே வேனிலிருந்து நாலு பம்பை இறங்கியது. தாய்மாமன் கொண்டுவரும் சீர் அது. சீர்த்தட்டுக்கு முன்னால் மாமன் வீட்டு மேளம் அடித்துக்கொண்டே மண்டபம் ஏற வேண்டும், வழியில் நிற்கக் கூடாது. நின்றால் மாமனை அவமானப்படுத்தியதாக அர்த்தம். நந்தகுமார் கார்முகிலிடம் போனான்.

"மாப்ள, மேளம் கொஞ்சம் தள்ளியே வரட்டும். இருவது அடி பின்னால."

"ஏன் மாமா? உங்க குதிர மேளத்துக்குத்தான ஆடும்?"

"பாப்பா சின்னப் புள்ளல்ல."

"சரி மாமா, நான் பாத்துக்கறேன்."

பிரபா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெள்ளச்சியின் காதுகள் பம்பை இருந்த பக்கமே திரும்பியிருந்தன. வெறும் வாயில் பல்லை நறநறவென்று கடித்தது. குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாத பிரபாவுக்கே அது சரியாகப் படவில்லை.

"ஏங்க, என்னமோ மாரி நிக்குது. பாப்பாவ ஏத்தலாமா? நடந்தே கூட்டிட்டுப் போயிடலாமே."

இதைவிட நல்ல வாய்ப்பு கடவுளே இறங்கி வந்தாலும் கொடுக்க முடியாது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சுற்றிலும் சொந்தக்காரர்கள், கையில் எல்லாம் போன்.

"ஒண்ணும் ஆவாது, குடு" என்று வாங்கி ஏற்றிவிட்டான்.

முதல் பாதி வழி நல்லபடியாகப் போனது. மேளம் பின்னால் தள்ளியே வந்தது. இனியா ராணி மாதிரி உட்கார்ந்து எல்லோருக்கும் கை ஆட்டினாள். நந்தகுமார் ஒவ்வொரு அடியாக எண்ணினான். ரயில்வே கேட் தாண்டியாகிவிட்டது. பால் டிப்போ தாண்டியாகிவிட்டது. மண்டபத்துக்குத் திரும்பும் சந்தில்தான் பாழாய்ப்போன அந்தப் பாதை. மழையில் விழுந்த பள்ளங்களையெல்லாம் யூனிட்டுகளில் கழித்துப் போட்ட பீங்கான் உடைசலைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். மெருகு ஏறிய துண்டுகள் வெயிலில் பளபளத்தன. லாடம் அடித்த கால் அதில் வழுக்கும்.

மண்டப வாசலில் நின்ற கூட்டம் கத்தியது. "ஆட வுடுங்கப்பா! டான்ஸு! டான்ஸு!"

கார்முகிலுக்கு மாமன் என்ற பெருமை தலைக்கு ஏறிவிட்டது. கையை வீசிப் பம்பையை முன்னால் கூப்பிட்டான். மேளத் தலைவர் பழமலை இடுப்பை வளைத்துக்கொண்டு குதிரையின் முகத்துக்கு நேரே வந்து நின்று போட்டார் ஒரு போடு. நாலு பம்பையும் சேர்ந்து அதிர்ந்தது.

வெள்ளச்சி ஆடியது. உடைசல் நொறுங்க நொறுங்க நின்ற இடத்திலேயே ஓடியது. ஜனங்கள் கை தட்டினார்கள். இனியாவும் தட்டினாள். நந்தகுமார் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, போதும் போதும் என்று மறுகையை ஆட்டினான். பழமலை அதை உற்சாகப்படுத்தும் சைகை என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகம் கூட்டினார்.

குதிரை எழுந்தது. முன்னங்கால்கள் பழமலையின் தலைக்கு மேலே போய் மறுபடி கீழே வந்தன. ஓவென்று கூச்சல். இனியாவின் சிரிப்பு பாதியில் நின்றுபோய், "அப்பா" என்றாள்.

மேளம் நிற்கவில்லை. குதிரை இரண்டாவது முறை எழுந்தது, முன்னைவிட உயரமாக. பிள்ளை பின்னுக்குச் சரிந்து பிடரிமயிரை ஒரே கையில் பிடித்துத் தொங்கியது. இடது பின்னங்கால் பீங்கானில் சறுக்கியது. கயிற்றை இழுத்தால் குதிரை பின்னால் விழும், அத்தனை எடையும் பிள்ளைமேல். விட்டால் என்ன ஆகுமோ தெரியாது.

நந்தகுமார் கயிற்றை விட்டான். அப்படியே பாய்ந்து பழமலையின் பம்பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து மார்போடு அழுத்தினான். ஓங்கிய குச்சி அவன் நெற்றியில் விழுந்தது. மற்ற மூன்று பம்பைகளும் ஒவ்வொன்றாகத் தடுமாறி அடங்கின.

வெள்ளச்சி தள்ளாடியது. பின்னங்கால் எங்கேயோ பிடி கிடைத்து ஊன்றியது. முன்னங்கால்கள் தரைக்கு வந்தன. பிரபா எப்படி ஓடி வந்தாளோ, பிள்ளையின் இடுப்பைப் பிடித்து இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். இனியாவின் கையில் கொத்து மயிர் இருந்தது. இனியா அழக்கூட இல்லை.

கார்முகில் கொதித்துப்போய் வந்தான். "மாமா, என்னா காரியம் பண்ணிட்டீங்க? எங்க வூட்டுச் சீர் மேளத்த நடுத்தெருவுல நிறுத்துறீங்களா? எங்கள என்னான்னு நெனச்சிங்க?"

"அது ஆடல மாப்ள" என்றான் நந்தகுமார். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. "மேளத்த எப்படி நிறுத்துறதுன்னு தெரியாமத்தான் அது எந்திரிக்குது. பயத்துல. நாந்தான் தப்பாப் பழக்கிட்டேன். மங்கலம்பேட்டைலயும் இதான் நடந்துது."

பிரபா பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப ஒரு மாசமா உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"கோயில் வாசல்ல நான் கேட்டேனே. அப்பவும் தெரியும்."

அவள் திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சந்து முனையில் நின்ற ஆட்டோவில் பிள்ளையோடு ஏறினாள். ஆட்டோ போய்விட்டது. கார்முகில் சீர்த்தட்டுகளைத் திரும்ப வேனில் ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். "அட, பாருங்கப்பா! மேளமே இல்லாம ஆடுது!"

நந்தகுமார் திரும்பிப் பார்த்தான். முதுகில் ஆள் இல்லை, கயிறு தரையில் கிடந்தது, தெருவில் ஒரு சத்தமும் இல்லை. வெள்ளச்சி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் வியர்வை வழிய, தாளம் கொஞ்சமும் தப்பாமல், ஒரு கால் மாற்றி ஒரு கால். அவன் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். நின்னுடு, யாரும் கேக்கல, நின்னுடு என்று காதில் சொன்னான். அவன் கைக்குள்ளேயே அது ஆடிக்கொண்டிருந்தது.